கடைசியிலிருந்து எண்ணுங்கள்

ஆங்கிலத்தில் சொல் நீள நீளக் கடினம் கூடும் என்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன நம்பிக்கை. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’யும் ‘இன்டர்நேஷனலைசேஷ’னும் வரும் வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. உச்சரிப்பைப் பொறுத்தவரை இல்லை. ஒரு சொல்லின் எந்த இடத்தில் குரல் அழுந்த வேண்டும் என்பதே ஆங்கில உச்சரிப்பின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிடிகொடுக்காதவை சின்னச் சொற்கள்தாம். மாடல், ஹோட்டல் இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி முடிகின்றன. ஆனால் ஆங்கிலேயர் வாயில் முன்னதற்குத் தொடக்கத்திலும் பின்னதற்குக் கடைசியிலும் அழுத்தம். எழுத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ‘ஷன்’ என்று முடியும் ஆயிரக்கணக்கான நீண்ட சொற்களில், அந்த ‘ஷ’னுக்கு முந்தைய இடத்தில்தான் அழுத்தம் விழும் என்பதைச் சொல்லின் பொருள் தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம். நீண்ட ஆங்கிலச் சொற்கள் விதிக்குக் கட்டுப்பட்டவை. அந்த விதியைக் கற்பிக்காமல் விட்டதுதான் நம் தயக்கத்துக்குக் காரணம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே மூச்சுத் துடிப்பில் ஓர் உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் துண்டைத்தான் ஆங்கில இலக்கணம் சிலபிள் என்கிறது. நம் பாடநூல்கள் அதை அசை என்கின்றன. யாப்பிலக்கணம் சொல்லும் அசையும் இதுவும் ஒன்றல்ல. தொல்காப்பியம் முதலாக நாம் படிக்கும் கணக்கில் ‘மலர்’ ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு சிலபிள். இங்கே அசை என்று வருமிடமெல்லாம் ஆங்கிலக் கணக்கையே கொள்க. அடுத்தது அழுத்தம். உரக்கக் கத்துவதுதான் அழுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டென்னிஸ் ஃப்ரை 1955-இலும் 1958-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த எண்ணத்தைத் திருத்தின. செயற்கையாக உருவாக்கிய பேச்சொலியில் உரப்பு, நீளம், சுருதி ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றிக் கேட்பவரிடம் அவர் சோதித்தார். உரப்பைவிட நீளமும், அதைவிடச் சுருதி மாற்றமும் அழுத்தத்தின் வலுவான அடையாளங்கள் என்பது தெரியவந்தது. அழுத்தம் பெற்ற அசை நீள்கிறது, குரல் அங்கே ஏறியோ இறங்கியோ திரும்புகிறது, அதன் உயிரொலி முழுமையாக ஒலிக்கிறது. அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலி தேய்ந்து, நம் குற்றியலுகரம்போல் தன் முழு அளவை இழந்து, பெரும்பாலும் ‘அ’வுக்கு அருகில் ஒரு மங்கிய ஒலியாகிவிடுகிறது. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அந்த மங்கிய ஒலிதான். அதற்கென்று தனி எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் இல்லை.

தமிழுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. கல், கால் என்று உயிரின் நீளத்தால் பொருள் மாறும் மொழி தமிழ். அழுத்தத்தின் இடம் மாறியதால் மட்டும் பொருள் மாறும் சொல் தமிழில் இல்லை. அதனால் நம் செவி குறில் நெடிலைக் கூர்மையாகப் பிரிக்கும். அழுத்தத்தைத் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்ளப் பழகவில்லை. இது குறையன்று, எல்லா மொழியினருக்கும் இப்படி ஏதோ ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மொழியில் அழுத்தம் எப்போதும் கடைசியில் விழுவதால் அதற்குப் பொருள் பிரிக்கும் வேலையே இல்லை. அழுத்தத்தின் இடம் மட்டும் வேறுபடும் செயற்கைச் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னபோது, ஸ்பானியர் எளிதாகச் செய்ததைப் பிரெஞ்சுக்காரர் தடுமாறித்தான் செய்தார்கள் என்று எம்மானுவேல் தூப்பூவும் அவருடைய சகாக்களும் 1997-இல் காட்டினார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கில அழுத்தத்தை எப்படிக் கற்றார்கள் என்பது இந்த வாதத்துக்கு முக்கியமான செய்தி. அதற்குப் பின்னர் வருவோம்.

நீண்ட சொல்லுக்கு நம் வகுப்பறைகள் தரும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: உடைத்துப் படி. தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலத் தேர்வுகளில் சொல்லை அசை பிரித்து எழுதச் சொல்லும் கேள்வியும், இத்தனை அசை என்று எண்ணிச் சொல்லும் கேள்வியும் பழக்கமானவை. உடைப்பது நல்லது. ஆனால் எங்கே உடைப்பது என்பதையே அழுத்தம்தான் தீர்மானிக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பரிசு என்ற பொருளில் வரும் ‘பிரசென்ட்’டையும், முன்வைப்பது என்ற பொருளில் வரும் ‘பிரசென்ட்’டையும் ஆங்கிலத்தில் எழுத்து மாறாமல்தான் எழுதுகிறார்கள். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதலில். அதனால் அமெரிக்க அகராதிகள் ‘பிரெஸ்-என்ட்’ என்று உடைக்கின்றன. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாவதில். ‘பிரி-சென்ட்’ என்று உடைக்கின்றன. அழுத்தம் பெற்ற குறில் அடுத்துள்ள மெய்யைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ‘ப்ராஜெக்ட்’, ‘ரெக்கார்ட்’ ஆகியவையும் இப்படித்தான்.

இது அச்சுக்கூடத்துக்கும் கணினிக்கும்கூடத் தலைவலி தந்த விஷயம். நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல், அதற்கு முன் புழங்கிய டில்வொர்த்தின் நூலிலிருந்து விலகியது இந்த இடத்தில்தான். பழைய முறை ‘ஹேபிட்’டை ‘ஹா-பிட்’ என்று பிரித்தது. வெப்ஸ்டர் காதுக்கு ஒலிக்கிறபடி ‘ஹேப்-இட்’ என்றார். ‘ஷன்’ விகுதியை இரண்டு அசையாக எண்ணிய வழக்கத்தை ஒழித்து ஒரே அசையாக்கியதும் அவர்தான். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1983-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க்ளின் லியாங், வரி முடிவில் சொல்லை உடைக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறையை ஆய்வேடாக எழுதினார். டொனால்ட் கனூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு நிரலில் அது இன்றும் ஓடுகிறது. 4,447 எழுத்து வடிவங்களைக் கொண்ட அந்த முறைக்கு 14 விலக்குகள் தனியே தரப்பட்டன. அந்தப் பதினான்கில் ‘பிரசென்ட்’டும் ‘ப்ராஜெக்ட்’டும் அவற்றின் பன்மை வடிவங்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தரப்பட்ட கட்டளை, உடைக்கவே உடைக்காதே என்பது. சொல் பெயரா வினையா, அழுத்தம் முன்னா பின்னா என்று தெரியாத இயந்திரத்துக்கு வேறு வழியில்லை. அழுத்தத்தைச் சொல்லாமல் பிரிக்க மட்டும் கற்றுக்கொடுத்தால் மாணவனும் அந்த இயந்திரத்தின் நிலையில்தான் இருப்பான்.

ஒரு சொற்குடும்பத்தை நிதானமாகப் பார்ப்போம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்று நாம் சொல்லும் சொல் ஆங்கிலத்தில் மூன்று அசை: ஃபோ-ட-கிராஃப். அழுத்தம் ‘ஃபோ’வில், நடுவில் உள்ள ‘ஓ’ எழுத்து மங்கிய ஒலியாகத் தேய்ந்துவிட்டது. அந்தக் கலைஞரைச் சொல்லும்போது நான்கு அசை: ஃப-டாக்-ர-ஃபர். அழுத்தம் இரண்டாவதற்கு நகர்ந்துவிட்டது. முன்பு கம்பீரமாக ஒலித்த ‘ஃபோ’ இப்போது மங்கிய ‘ஃப’. முன்பு மங்கிக் கிடந்த ‘ட’ இப்போது முழு ஒலியோடு ‘டாக்’. ‘இக்’ விகுதி சேர்ந்தால் அழுத்தம் மூன்றாவதுக்குப் போகிறது: ஃபோ-ட-கிராஃ-பிக். எழுத்தில் மூன்றும் அசையாமல் நிற்க, ஒலியில் ஒவ்வொரு உயிரும் இடத்துக்கு இடம் உருமாறுகிறது. நாம் மூன்றையும் ‘ஃபோட்டோகிரா’ என்றே தொடங்கி ஒப்பேற்றுகிறோம். ஆங்கிலேயர் ஒருவரோ ஆஸ்திரேலியர் ஒருவரோ வேகமாகப் பேசும்போது ‘ஃபடாக்ரஃபர்’ என்ற ஒலி நம் காதில் புதுச் சொல்லாக விழுவதும், நம் ‘ஃபோட்டோகிராஃபர்’ அவர்களை ஒரு கணம் நிறுத்துவதும் இதனால்தான்.

அழுத்தம் ஏன் இப்படி இடம்பெயர்கிறது? விடை வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலம் ஜெர்மானிய மொழி; சொல்லின் வேர் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அழுத்தம், விகுதி எத்தனை சேர்ந்தாலும் அது நகராது. இன்றும் ‘ஃப்ரெண்ட்’, ‘ஃப்ரெண்ட்லி’, ‘ஃப்ரெண்ட்லினெஸ்’, ‘அன்ஃப்ரெண்ட்லினெஸ்’ என்று சொல் நீண்டுகொண்டே போனாலும் அழுத்தம் ‘ஃப்ரெண்ட்’டை விட்டு அசைவதில்லை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன், கிரேக்கச் சொற்கள் நூல்வழியே வந்தன. அவை தங்கள் சொல்லோடு தங்கள் எண்ணும் முறையையும் கொண்டுவந்தன. லத்தீன் முறையில் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். கடைசிக்கு முந்தைய அசை கனமாக இருந்தால் அழுத்தம் அங்கே. இலேசாக இருந்தால் ஒன்று தள்ளி, கடைசியிலிருந்து மூன்றாவதில். கனமான அசை என்பது நெடில் உள்ளது, அல்லது ஒற்றால் அடைபட்டது.

இந்த வரையறையைப் படித்ததும் ஒரு தமிழ் வாசகருக்குள் ஏதோ ஒன்று நிமிர வேண்டும். குறில், நெடில், ஒற்று என்ற மூன்றையும் ஆறாம் வகுப்பிலேயே கற்றுவிடும் நமக்கு லத்தீன் விதியை விளக்கத் தனி வகுப்பே தேவையில்லை. நம் எழுத்திலேயே அது தெரிகிறது. ‘அஜெண்டா’வில் கடைசிக்கு முந்தையது ‘ஜெண்’, ஒற்றுள்ளது, அழுத்தம் அங்கே. ‘வராண்டா’வில் ‘ராண்’, அங்கேயே. ‘பொட்டேட்டோ’வில் ‘டே’, நெடில், அங்கேயே. ‘கேமரா’வில் ‘ம’, வெறும் குறில், ஆகவே அழுத்தம் ஒன்று தள்ளிக் ‘கே’வுக்குப் போகிறது. ‘சினிமா’வில் ‘னி’ குறில், அழுத்தம் ‘சி’க்கு. ‘அமெரிக்கா’வை நாம் ‘ரிக்’ என்று ஒற்றிட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அது வெறும் ‘ரி’, அழுத்தம் ‘மெ’யில். நோம் சாம்ஸ்கியும் மாரிஸ் ஹாலியும் 1968-இல் ‘த சவுண்ட் பேட்டர்ன் ஆஃப் இங்கிலிஷ்’ நூலில் ஆங்கில அழுத்தத்துக்கு விதி வகுத்தபோது அதன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது இந்தக் கனம்-இலேசு வேறுபாட்டைத்தான். அவர்களுக்கும் முன்பே கடைசியிலிருந்து பார்க்க வேண்டும் என்று உணர்ந்தவர் ஜான் வாக்கர். நடிப்புத் தொழிலை விட்டு உச்சரிப்பு ஆசிரியரான அவர் 1775-இல் வெளியிட்ட அகராதியில் சொற்களை முதலெழுத்துப்படி அடுக்காமல் கடைசி எழுத்துப்படி அடுக்கினார். ஒரே வாலுள்ள சொற்கள் ஓரிடத்தில் வந்து நின்றதும் அவற்றின் அழுத்தமும் ஒன்றாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அந்த வால்களில் மாணவனுக்கு உண்மையில் வேண்டியவை சிலவே. ‘ஷன்’ முடிவைச் சொல்லிவிட்டோம்: எஜுகேஷனில் ‘கே’, எக்சாமினேஷனில் ‘னே’, குளோபலைசேஷனில் ‘சே’. ‘இக்’ முடிந்தாலும் அதற்கு முந்தைய அசைதான்: எக்கொநாமிக்கில் ‘நா’, சயன்டிஃபிக்கில் ‘டி’, டெமொகிராட்டிக்கில் ‘கிராட்’. ‘இட்டி’ என்று முடியும் சொற்களிலும் அதற்கு ஒட்டிய முந்தைய அசையில் அழுத்தம்: யூனிவர்சிட்டியில் ‘வர்’, பெர்சனாலிட்டியில் ‘னா’, ரெஸ்பான்சிபிலிட்டியில் ‘பி’. ‘யூனிவர்ஸ்’ என்ற மூலச்சொல்லில் அழுத்தம் ‘யூ’வில் இருந்தது என்பதைக் கவனியுங்கள், விகுதி வந்ததும் அது இழுக்கப்பட்டுவிட்டது. கிரேக்க வழி வந்த ‘லஜி’, ‘க்ரஃபி’, ‘க்ரசி’ ஆகியவை கடைசியிலிருந்து மூன்றாம் அசையைக் கேட்கின்றன: பயாலஜி, ஜியாக்ரஃபி, டெமாக்ரசி. பிரெஞ்சு வழி வந்த ‘ஈர்’, ‘ஈஸ்’ முடிவுகள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. இன்ஜினியர், வாலன்டியர், ஜப்பானீஸ் எல்லாவற்றுக்கும் கடைசி அசைதான். எதிர்ப்பக்கத்தில் ‘லி’, ‘னெஸ்’, ‘லெஸ்’, ‘மென்ட்’ போன்ற விகுதிகள் எத்தனை சேர்ந்தாலும் அழுத்தம் நகராது. ‘டெவலப்’பில் அழுத்தம் ‘வ’வில் என்றால் ‘டெவலப்மென்ட்’டிலும் அங்கேதான். இந்தியாவில் பெரும்பாலும் ‘டெ’வை அழுத்துகிறோம். இரண்டு வகை விகுதிகளையும் பிரித்தறிவதுதான் முழு வித்தை. ‘டெமொகிராட்’, ‘டெமாக்ரசி’, ‘டெமொகிராட்டிக்’, ‘டெமாக்ரடைசேஷன்’ என்று ஒரே வேரில் நான்கு சொற்களுக்கு நான்கு இடத்தில் அழுத்தம் விழுவது குழப்பம்போல் தெரியும். வாலைப் பார்த்தவருக்கு அதில் குழப்பம் எதுவுமில்லை.

மிக நீண்ட சொல்லுக்கு ஓர் அழுத்தம் போதாது. தலைமை அழுத்தத்துக்கு முன்னால் ஒரு துணை அழுத்தமும் வரும். இதற்கும் ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலச் சொல் தன் முதல் இரண்டு அசைகளையும் அழுத்தமின்றி விடாது. ஆகவே தலைமை அழுத்தம் மூன்றாவதிலோ அதற்குப் பின்னோ விழுந்தால், துணை அழுத்தம் முதலாவதிலோ இரண்டாவதிலோ விழுந்தாக வேண்டும். எந்த அசையில் என்பதைப் பெரும்பாலும் மூலச்சொல் சொல்லும். ‘எக்சாமின்’ என்பதில் அழுத்தம் ‘சா’வில், எனவே ‘எக்சாமினேஷ’னில் துணை அழுத்தமும் ‘சா’வில். இப்போது ‘இன்டர்நேஷனலைசேஷ’னை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது எழுத்து, முதலெழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் இடையில் பதினெட்டு எழுத்து என்பதால் மென்பொருள்காரர்கள் அதை ‘ஐ18என்’ என்று சுருக்கியே எழுதுகிறார்கள். எட்டு அசை: இன்-டர்-நே-ஷ-ன-லை-சே-ஷன். வால் ‘ஷன்’, ஆகவே தலைமை ‘சே’. ‘நேஷன்’ தன் பழைய அழுத்தத்தைத் துணையாக வைத்துக்கொள்கிறது, முதல் ‘இன்’னும் லேசாக ஒலிக்கிறது. மற்றவை தேயலாம். தெரியாத சொல்லைக் கண்ட மாணவனுக்கு இவ்வளவும் சொல்லுக்குள்ளேயே கிடைக்கிறது.

இந்த விதிகள் இலக்கணக்காரர்களின் கற்பனையா, பேசுபவர் மனத்தில் உண்மையிலேயே இருப்பவையா என்று கேட்கலாம். இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்ச் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீண்ட சொல் ஒன்று வேண்டும் என்பதற்காகவே நுண்ணிய தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு 45 எழுத்தில் ஒரு பெயரைப் புனைந்தார். தமிழில் எழுதினால் ‘நியூமனோஅல்ட்ராமைக்ராஸ்காபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்’. பத்தொன்பது அசை. அதைக் கேட்டு வளர்ந்த குழந்தை உலகத்தில் இல்லை. ஆனாலும் அதை வாசிக்கத் துணியும் ஆங்கிலேயர் தலைமை அழுத்தத்தைக் கடைசிக்கு முந்தைய ‘ஓ’வில்தான் வைப்பார். ‘டியூபர்குலோசிஸ்’, ‘நியூரோசிஸ்’, ‘டயக்னோசிஸ்’ எல்லாவற்றிலும் ‘ஓசிஸ்’ செய்வது அதைத்தான். கேட்டறியாத சொல்லுக்கும் ஒரே விடை வருகிறதென்றால் விதி மனத்தில் இருக்கிறது.

விலக்குகளைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. ‘இக்’ முடிந்தும் அரபிக், பாலிடிக்ஸ், கேத்தலிக், அரித்மெடிக் ஆகியவை முந்தைய அசையில் அழுத்தம் பெறுவதில்லையே, மஞ்சளுக்கு உள்ள ‘டர்மெரிக்’கும் முதலசையில்தானே அழுந்துகிறது என்பார்கள். உண்மை. ‘டெலிவிஷன்’கூட முதலசையை அழுத்துகிறது. ‘கம்பேர்’ செய்வதில் ‘பே’ அழுந்த, ‘காம்பரபிள்’ என்பதில் ‘காம்’ அழுந்துவதும் தொந்தரவுதான். ஆனால் ‘இக்’ விலக்குகளில் அன்றாடம் புழங்குபவற்றை ஒரு நோட்டுப்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். விதிக்கு உட்பட்டவையோ ஆயிரக்கணக்கில். ‘இட்டி’ முடிவுக்கு விலக்குத் தேடினால் கைக்கு அகப்படுவதே அரிது. இந்த அளவு ஒழுங்கு ஆங்கில எழுத்துக்கூட்டலின் எந்த மூலையிலும் கிடையாது. ஆனாலும் எழுத்துக்கூட்டலைப் பத்தாண்டு விடாமல் கற்பிக்கிறோம்.

ஆங்கிலேயர்களே ஒத்துப்போவதில்லையே என்பது அடுத்த மறுப்பு. ‘கான்ட்ரவர்சி’யைச் சிலர் முதலிலும் சிலர் இரண்டாவதிலும் அழுத்துகிறார்கள், ‘லேபரட்டரி’க்கு பிரிட்டனில் இரண்டாம் அசை, அமெரிக்காவில் முதல் அசை. ஜான் வெல்ஸ் 1990-இல் தொகுத்த லாங்மன் உச்சரிப்பு அகராதியைப் புரட்டினால் இப்படிப் பல சொற்களுக்கு இரட்டை விடை இருக்கும். ஆனால் இந்தத் தகராறுகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பல இரண்டு விதிகளுக்கு நடுவே நடக்கும் இழுபறி என்பது தெரியும். ‘கிலோமீட்ட’ரில் ‘கி’யை அழுத்துபவர் ‘சென்டிமீட்டர்’, ‘மில்லிமீட்டர்’ என்ற அளவைகளின் வரிசையைப் பின்பற்றுகிறார். ‘லா’வை அழுத்துபவர் ‘தெர்மாமீட்டர்’, ‘ஸ்பீடாமீட்டர்’ என்ற கருவிகளின் வரிசையைப் பின்பற்றுகிறார். இருவர் கையிலும் விதி இருக்கிறது.

மிக வலுவான மறுப்பு மூன்றாவது. ஆங்கிலம் இன்று யாருக்கும் தனியுடைமை அன்று. இந்திய ஆங்கிலத்துக்குத் தன் தாளம் உண்டு, லண்டன்காரர்போல் நாம் ஏன் பேச வேண்டும் என்பது அது. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் வெளியிட்ட நூலில், பல தாய்மொழியினர் தமக்குள் ஆங்கிலம் பேசும்போது கட்டாயம் வேண்டிய ஒலிக்கூறுகளைப் பட்டியலிட்டார். அதில் சொல்லழுத்தத்துக்கு இடமில்லை. இந்த வாதத்தின் மானவுணர்வை மதிக்கிறேன். யாருடைய குரலையும் நகலெடுக்கச் சொல்லும் கல்வி எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் ஜென்கின்ஸ் சொன்ன காரணங்களுள் ஒன்று, சொல்லழுத்த விதிகள் கற்பிக்க முடியாத அளவுக்குச் சிக்கலானவை என்பது. சின்னச் சொற்களுக்கு அது பொருந்தும். வாலுள்ள நீண்ட சொற்களுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதைத்தான் மேலே பார்த்தோம். புரிதலுக்கு அழுத்தம் தேவையில்லை என்பதற்கும் எதிர்ச்சான்று உண்டு. ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனம் 1969-இல் வெளியிட்ட ஆர். கே. பன்சாலின் ஆய்வு, இந்தியர் ஆங்கிலம் வெளியாருக்குப் புரியாமல் போகும் முக்கியக் காரணங்களுள் இடம் தவறிய சொல்லழுத்தத்தை வைத்தது. ஜான் ஃபீல்ட் 2005-இல் ஈரசைச் சொற்களின் அழுத்தத்தை வேண்டுமென்றே இடம் மாற்றிக் கேட்கவைத்தார். தாய்மொழியாகக் கொண்டவர், பிறமொழியாளர் இரு சாராருக்குமே அது தடையாக இருந்தது. அழுத்தம் வலப்பக்கம் நகர்ந்தபோது தடை இன்னும் கூடியது.

ஏன் என்பதை ஆன் கட்லரின் ஆய்வுகள் விளக்குகின்றன. பேச்சில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. எங்கே புதுச் சொல் தொடங்குகிறது என்று செவிதான் வெட்டிக்கொள்ள வேண்டும். ஆங்கில உரையாடலில் வரும் பொருளுள்ள சொற்களில் பத்துக்கு ஒன்பது முழு உயிரொலி கொண்ட வலுவான அசையில்தான் தொடங்குகின்றன என்று அவரும் டேவிட் கார்ட்டரும் 1987-இல் கண்டார்கள். ஆகவே வலுவான அசை காதில் விழுந்ததும் ஆங்கிலச் செவி அங்கே வெட்டுகிறது. மெல்லிய ஒலியில் ‘கண்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்’ என்று ஒலித்ததை ஒருவர் ‘த டாக்டர் சென்ட்ஸ் த பில்’ என்று எழுதிக்கொடுத்தது அத்தகைய ஆய்வொன்றில் பதிவான பிழை. நாம் அழுத்தத்தை இடம் மாற்றி வைத்தால் கேட்பவர் சொல்லையே வேறிடத்தில் வெட்டிவிடுகிறார். எதிர்த்திசையிலும் இதே நிலைதான். அவர்கள் தேய்த்துச் சொல்லும் அசைகளை நாம் முழுதாக எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம், வாக்கியம் கடந்துவிடுகிறது. பேசும்போது யாரும் தம் விருப்பப்படி பேசட்டும். கேட்கும்போது அந்தச் சலுகை இல்லை. விரிவுரையையும் விமான அறிவிப்பையும் நேர்காணல் கேள்வியையும் அடுத்தவர் தாளத்தில்தான் கேட்டாக வேண்டும்.

விதி எதற்கு, கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடும் என்பாரும் உண்டு. கேட்கக் கிடைப்பவர்களுக்கு வரும். தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ முதலில் கண்ணுக்குத்தான் வருகிறது. காது வழியே வந்த சொற்களை நம் மக்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று பாருங்கள்: பயாலஜி, சைக்காலஜி, டெமாக்ரசி, யூனிவர்சிட்டி. அழுத்தம் விழுந்த இடத்தில் தமிழ் நெடிலோ ஒற்றோ இட்டு அதைத் தக்கவைத்திருக்கிறது. ‘கமிட்டி’யில் அழுத்தம் நடுவில், தமிழ் அங்கே ‘மிட்’ என்று ஒற்றை வைத்தது. எழுத்துவழி வந்த சொற்களிலோ ஒவ்வொரு உயிரையும் ஒரே எடையில் உச்சரிக்கிறோம். கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு விதிதான் துணை. இங்கேதான் பிரெஞ்சுக்காரர்களின் கதை உதவுகிறது. அழுத்தத்துக்குச் செவி பழகாத அவர்கள், கேட்டு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. லியோனெல் கியேர், டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதியைக் கணினியில் ஏற்றி, வால்வாரியாக அழுத்தத்தை ஆராய்ந்து 1979-இல் பாரிசில் ஆய்வேடு சமர்ப்பித்தார். அவர் வழியில் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கில மாணவர்களுக்கு விகுதியை வைத்து அழுத்தத்தைக் கற்பிக்கும் ஒரு மரபே உருவானது. செவிக்கு எட்டாததை அறிவால் எட்டிப் பிடித்தார்கள். குறில் நெடில் ஒற்று தெரிந்த நமக்கு அது இன்னும் எளிது.

இதில் எழுத்துக்கூட்டலுக்கும் ஆதாயம் உண்டு. ‘கிராமர்’ என்ற சொல்லின் இரண்டாம் உயிர் மங்கிப்போவதால் அங்கே ஏ எழுத்தா ஈ எழுத்தா என்று பலரும் தடுமாறுகிறார்கள். ‘கிரமேட்டிக்கல்’ என்று அழுத்தம் நகர்ந்ததும் அந்த உயிர் முழுதாக ஒலித்து ஏ என்று காட்டிக்கொடுக்கிறது. ‘டெஃபினெட்’டின் மூன்றாம் உயிர் ஐ எழுத்து என்பதை ‘டெஃபினிஷன்’ சொல்லிவிடும். மனப்பாடம் செய்யும் சுமையில் ஒரு பகுதி சொற்குடும்பத்தை அறிவதால் குறைகிறது.

இதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், வெளிநாட்டுக் குரல்பதிவும் வேண்டாம். நல்ல ஆங்கில அகராதிகள் பலவற்றில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். துணை அழுத்தத்துக்கு அதே கோடு கீழே. அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். புதுச் சொல்லைத் தனியே தராமல் அதன் குடும்பத்தோடு கரும்பலகையில் எழுதுங்கள், வாலுக்குக் கீழே கோடிடுங்கள், எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று வகுப்பையே சொல்ல விடுங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சொல்லை அசை பிரித்து எழுது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அழுத்தம் எந்த அசையில், எந்த விகுதியால் என்று இன்னொரு வரி சேர்த்து அதற்கும் ஒரு மதிப்பெண் வையுங்கள். மதிப்பெண் உள்ளதைத்தான் நம் வகுப்பறைகள் கற்பிக்கின்றன.